ஒன்று குளிர, ஒன்று சுட: மதுரையின் இரண்டு டம்ளர்கள்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலை விட்டு வெளியே வந்ததும் கேட்பது, "நல்ல ஜிகர்தண்டா எங்க கிடைக்கும்?" என்றுதான். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து சுடச்சுடத் தருகிற பருத்திப்பால் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டும் ஒரு டம்ளர் சமாச்சாரம், இரண்டையும் நின்றபடியே குடித்துவிடலாம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜிகர்தண்டா சரியாக அமைந்தால் அதற்கு ஈடு கிடையாது, ஆனால் சரியாக அமையாததும் நிறையவே விற்கிறது. பருத்திப்பாலில் குறுக்குவழிக்கு இடம் கம்மி, இருந்தாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வயிற்றில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் தள்ளுவண்டிப் பக்கம் திரும்புங்கள்.

முதலில் குளிர்ந்தது. ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. டம்ளருக்குள் நான்கே சங்கதிதான்: ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், மேலே ஐஸ்கிரீம். ஸ்பெஷல் என்று கேட்டால் பாசந்தி ஒரு கரண்டி கூடுதலாக விழும். இந்த நான்கில் பால்தான் தலை. மற்ற மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பால் சுண்டாமல் இருந்தால் குடிப்பது ரோஸ்மில்க்குக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

பால் சுண்டியதா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். ஊற்றும்போது கவனியுங்கள். சுண்டிய பால் கரண்டியிலிருந்து பட்டை போல இறங்கும், விளிம்பில் ஏட்டுத் துணுக்குகள் ஒட்டி நிற்கும். வெறும் பால் சளசளவென்று விழும். நிறம் சந்தனமும் காவியும் கலந்தாற்போல இருக்க வேண்டும். மெல்லிய தீயில் மணிக்கணக்காகக் காயும்போது பாலின் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து தருகிற நிறம் அது. இளஞ்சிவப்பாக இருந்தால் சர்பத்தை அள்ளி ஊற்றிப் பாலின் குறையை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடர்ந்த பழுப்பாக இருந்து குடித்தபின் தொண்டையில் கசப்பு தங்கினால், சர்க்கரையைக் கருக்கி நிறம் ஏற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் பாலே அடிப்பிடித்திருக்கிறது.

அடுத்தது பிசின். இதற்கென்று தனி ருசி கிடையாது. வாயில் வழுக்கிக்கொண்டு போகிற குளிர்ச்சிதான் அதன் வேலை. நன்றாக ஊறிய பிசின் உடைந்த கண்ணாடித் தூள் போல ஒழுங்கற்றுக் கிடக்கும், அழுத்தினால் நசுங்கும். சீராக வெட்டிய சதுரக் கட்டிகள் இருந்தால் அது கடல்பாசி. கடல்பாசி போடுவது கலப்படமல்ல, அதுவும் பழைய வழக்கந்தான். ஆனால் அது பல்லில் கடிபடும், பிசின் கடிபடாது. பிசினுக்கு நடுவே கல் போலக் கடிபட்டால் ஊறும் நேரம் போதவில்லை. மரப்பட்டைத் துணுக்கு தட்டுப்பட்டால் ஊறவைக்கும் முன் பொறுக்கவில்லை. லேசான புளிப்பு வாடை வந்தால் முந்தின நாள் ஊறவைத்தது வெளியிலேயே கிடந்திருக்கிறது. அந்த டம்ளரைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

நன்னாரியில்தான் பெரும்பாலான டம்ளர்கள் தோற்கின்றன. நன்னாரி வேருக்கு மணம் தரும் பொருளும் வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை, அடுக்கு மட்டுமே வேறு. பாலோடு அது இவ்வளவு ஒட்டிப்போவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வேரில் எடுத்த சர்பத் மண்வாசனையோடு வரும், இனிப்பு முடிந்தபின் மெல்லிய கசப்பு ஒன்று எட்டிப் பார்க்கும். எசன்ஸ் சர்பத்தில் மணம் முதலில் முகத்தில் அடிக்கும், பிறகு ஒன்றும் இருக்காது. பாலிலும் சர்பத்திலும் ஐஸ்கிரீமிலும் சர்க்கரை இருப்பதால் திகட்டல் எளிது. "சர்பத் கொஞ்சம் கம்மியா போடுங்கண்ணே" என்று ஊற்றும் முன் சொல்லிவிடுங்கள். ஊற்றியபின் சொல்லிப் பயனில்லை.

ஐஸ்கிரீமைப் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய முறையில், சுண்டிய பாலை உருளைக்குள் ஊற்றி, சுற்றிலும் ஐஸும் கல்லுப்பும் நிரப்பிச் சுழற்றுவார்கள். உப்பு சேர்ந்ததும் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழான குளிரில் உருகும், அந்தக் குளிரில்தான் உள்ளே பால் உறையும். அப்படி வந்த ஐஸ்கிரீம் சற்றுக் கரகரப்பாக இருக்கும், காற்று குறைவாக இருப்பதால் கனக்கும், மெதுவாகக் கரையும். இப்போது பல இடங்களில் மேலே விழும் வெண்ணிற உருண்டை, தாவரக் கொழுப்பில் செய்த ஃப்ரோசன் டெசர்ட். நுனிநாக்கில் இனிக்கும், மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒரு படலம் நிற்கும். அந்தப் படலம் படிந்தபின் நன்னாரி மணம் தெரியாது. இத்தனை பாடும் அதோடு போச்சு.

ஐஸ்கட்டி போட்டுத் தருகிற கடையைத் தவிர்க்கலாம். பால் முன்கூட்டியே குளிர்ந்திருந்தால் கட்டிக்கு வேலையே இல்லை.

கடைகளைப் பொறுத்தவரை, கீழமாரட் வீதியில் விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் நடக்கும் ஃபேமஸ் ஜிகர்தண்டாவை ஊர் முழுக்கத் தெரியும். அந்தப் பெயரைக் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் மாற்றி மாட்டிய பலகைகளும் உண்டு, ஆகவே பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேலே சொன்ன அடையாளங்களைப் பாருங்கள். ஸ்பெஷலை விட சாதா டம்ளரையே முதலில் வாங்கச் சொல்வோம். பாசந்தி விழுந்துவிட்டால் அடிப்படைப் பாலின் தரம் தெரியாமல் போகும். குடிக்கும்போதும் வாங்கியவுடன் கலக்காதீர்கள். மேல் பாதியை ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டு, அடியிலிருந்து இரண்டே சுற்றுக் கிளறி, மீதியைக் குடிப்பதுதான் முறை. பார்சல் வேண்டுமானால் ஐஸ்கிரீமைத் தனியாகக் கட்டித் தரக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு நான்கு டம்ளருக்கான கணக்கு இது. 6 சதவீதம் கொழுப்புள்ள பால் 1 லிட்டர், அடிகனமான அகலப் பாத்திரத்தில், மெல்லிய தீயில் பாதியாகும் வரை. முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஓரத்து ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை 4 மேசைக்கரண்டி. அதில் இரண்டைத் தனியே உருக்கித் தேன்நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, சூடான பாலை ஒரு கரண்டி ஊற்றிக் கரைத்துச் சேர்க்கலாம். குளிர்ந்த பாலை ஊற்றினால் உருகிய சர்க்கரை கல்லாக இறுகிவிடும், கையிலும் தெறிக்கும். பிசின் 10 கிராமுக்குத் தண்ணீர் குறைந்தது அரை லிட்டர், ஊறும் நேரம் 8 முதல் 12 மணி. சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்து, காலையில் மூடி தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சர்பத்தைச் சூடான பாலில் ஊற்றவே கூடாது. எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ சேர்ந்த சர்பத் என்றால் பால் திரிந்துவிடும். பால் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரமாவது இருந்தபிறகே கலக்க வேண்டும்.

இனி சுடச்சுட. பருத்தி புடவையாய்க் காய்த்தது என்பார்கள், மதுரையில் அது பாலாகவும் காய்க்கிறது. தெற்கே விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் பருத்தி விளையும் கரிசல் மண். ஊருக்குள்ளே 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பஞ்சாலைகள். பஞ்சைப் பிரித்ததும் மிஞ்சுகிற கொட்டையைக் கிராமங்களில் ஊறவைத்து ஆட்டிக் கறவை மாட்டுக்கு வைப்பார்கள், பால் கெட்டியாகக் கறக்கும் என்பதற்காக. அந்தக் கொட்டையை மாட்டின் வழியாகச் சுற்றவிடாமல் நேரே பாலாக்குவதுதான் பருத்திப்பால்.

மாசி வீதிகளின் முனைகளில் சாயங்காலம் நிற்கும் தள்ளுவண்டியில் அண்டா, அடியில் கனல், பக்கத்தில் சுக்குத்தூள் டப்பா. நல்ல வண்டியைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். ஒவ்வொரு டம்ளருக்கும் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி அள்ளுகிறாரா என்று பாருங்கள். பருத்திப்பாலில் அரிசிமாவும் தேங்காயும் அடியில் தங்கும். மேலாக மொண்டு ஊற்றினால் வெல்லத் தண்ணீர்தான் கைக்கு வரும். கருப்பட்டியோ வெல்லமோ போட்டது தேன்பழுப்பாக இருக்கும், வெள்ளைச் சர்க்கரை போட்டது சாம்பல் படிந்த வெண்மையாக இருக்கும். பின்னதை வாங்க வேண்டாம். உதட்டில் பசை போல ஒட்டினால் கொட்டை குறைந்து மாவு கூடிவிட்டது. பச்சைப் புல்லை முகர்ந்தது போன்ற வாடை வந்தால் வேகவில்லை. சரியான டம்ளரில் முதலில் கருப்பட்டி, அடுத்து ஏலக்காய், நடுவில் வேர்க்கடலைக்கும் எள்ளுக்கும் இடைப்பட்ட கொட்டையின் ருசி, கடைசியாகத் தொண்டையில் சுக்கின் காரம், பல்லுக்குத் தேங்காய்ப் பூ. இந்த வரிசையில் சுக்கு முன்னால் வந்துவிட்டால் தூள் பழசு அல்லது அளவு அதிகம். தொண்டைக்கு இதம் என்று பெரியவர்கள் சொல்வது இந்தச் சூட்டையும் சுக்கையும் வைத்துத்தான்.

இதை வீட்டில் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கொட்டை வாங்குவதில் கவனம் தேவை. விதைப்புக்கு விற்கும் பாக்கெட் விதையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், வண்ணம்கூடப் பூசியிருக்கும். அதைத் தொடவே கூடாது. சமையலுக்கு என்று கேட்டு நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள். பருத்திக்கொட்டையில் இயற்கையாகவே காசிபால் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருள் உண்டு, ஆகவே பச்சையாகச் சாப்பிடும் பொருளல்ல இது. நன்கு கொதிக்க வேண்டும், தினமும் செம்பு செம்பாகக் குடிக்கவும் கூடாது. வாரத்தில் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

நான்கைந்து பேருக்கு: கொட்டை 100 கிராம், பச்சரிசி 50 கிராம், கருப்பட்டி 200 கிராம், தேங்காய் அரை மூடி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 4, தண்ணீர் மொத்தம் 1 லிட்டர். கொட்டையில் பஞ்சுத் துணுக்கும் மண்ணும் ஒட்டியிருக்கும், தண்ணீர் தெளியும் வரை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவி ராத்திரி முழுக்க ஊறவைக்கவும். அரிசிக்கு 2 மணி நேரம் போதும். ஊறிய கொட்டையை மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றிப் பிழிய வேண்டும். ஒரே மூச்சில் மையாக அரைத்தால் கறுப்புத் தோலும் தூளாகிப் பாலோடு இறங்கி, நிறமும் கெடும், கசப்பும் வரும். மூன்று தடவை தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்ததை இரட்டைத் துணியில் வடிகட்டிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கறுப்பு மண்டி இறங்கும். மேலாக இறுத்துவிட்டுக் கடைசி இரண்டு கரண்டியைக் கொட்டிவிட வேண்டும். பலர் வீட்டில் நறநறப்பதற்கு இந்த இரண்டு கரண்டிதான் காரணம்.

பாலை மெல்லிய தீயில் ஏற்றி, லேசாகக் கொதி வந்ததும், பச்சரிசியை நைஸாக அரைத்துத் தண்ணீரில் கரைத்த மாவை ஊற்றிக் கிளறுங்கள். கை ஓய்ந்தால் கட்டி தட்டும், அடிப்பிடிக்கும். கால் மணி முதல் இருபது நிமிடத்தில் பச்சை வாடை போய், குமிழிகள் பொத்பொத்தென்று கனமாக உடையும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு, தனியே கரைத்து வடிகட்டி வைத்த கருப்பட்டிக் கரைசலை ஊற்றுங்கள். கருப்பட்டியில் மண் இல்லாமல் இருக்காது, வடிகட்டாமல் சேர்ப்பது வீண். கொதிக்கும்போதே ஊற்றினால் சில சமயம் பால் திரிந்து திப்பிதிப்பியாகும். சுக்கு, ஏலம், துருவிய தேங்காய் எல்லாம் கடைசியில். ஆறினால் களி போல இறுகும். வெந்நீர் விட்டுத் தளர்த்திச் சூடாக்கலாம். தேங்காய் சேர்த்தபின் அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

இரண்டையும் ஒரே மாலையில் குடிக்க ஆசைப்படுபவர்கள் ஜிகர்தண்டாவை மூன்று மணி வெயிலிலும் பருத்திப்பாலை விளக்கேற்றிய பிறகும் வைத்துக்கொள்ளலாம். இடையே ரயில் நிலையம் பக்கமுள்ள பிரேமா விலாஸில் சூடான அல்வா இலைத்துண்டில் கிடைக்கும். 50 கிராம் போதும், மேலே கொஞ்சம் மிக்சர். அல்வா முடிந்து ஒரு மணி நேரமாவது நடந்தபிறகு வண்டிக்குப் போனால்தான் கருப்பட்டியின் இனிப்பு நாக்கில் ஏறும்.

வண்டிக்குச் சீக்கிரம் போகிறவர்களுக்கு இளகலாகவும், அண்டா அடி காணும் நேரத்தில் போகிறவர்களுக்குக் கெட்டியாகவும் கிடைக்கும். கடைசி டம்ளர்களில் சுக்கும் தேங்காயும் அடியிலிருந்து மொத்தமாக ஏறி வரும். டம்ளரின் அடியில் மிஞ்சுவது ஊற்றினால் விழாது, ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.