ஃபெலினியஸா, பிஷப்பா? சரிவு நிலைத்தன்மைக்கு, அதாவது சரிவான மண் சறுக்காமல் நிற்குமா என்று பார்க்க, எந்தக் கணக்கு முறை?
இரண்டுமே வட்டச் சறுக்குப் பரப்புக்கு மேலுள்ள மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாக்கிக் கணக்கிடுபவைதான். ஃபெலினியஸ் துண்டுகளுக்கு இடையிலான விசைகளை விட்டுவிடுகிறது. ஒரே சுற்றில் விடை. ஆனால் தட்டையான சரிவில் நுண்துளை நீரழுத்தம் (மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம்) அதிகமானால், பாதுகாப்புக் காரணியை (சறுக்கலைத் தடுக்கும் வலிமைக்கும் சறுக்க வைக்கும் விசைக்கும் உள்ள விகிதம்) பாதியளவுக்குக்கூடக் குறைத்துக் காட்டும். அங்கே பிஷப்தான் வேண்டும்.

பிஷப்பின் எளிய முறை (1955) கிடை விசையை ஏற்று, துண்டுகளுக்கு இடையிலான வெட்டு விசையை மட்டும் விடுகிறது. பாதுகாப்புக் காரணி, சமன்பாட்டின் இருபுறமும் வருவதால், ஃபெலினியஸ் விடையில் தொடங்கித் திரும்பத் திரும்பப் போட வேண்டும். பெரும்பாலும் 3, 4 சுற்றில் நிலைத்துவிடும். சிக்கல் அடிவாரத்தில்: சறுக்குப் பரப்பு அங்கே செங்குத்தாக மேலேறினால் சமன்பாட்டிலுள்ள பின்னத்தின் கீழ் எண் (பகுதி) சுழியை நெருங்கி விடை கெடும். பிஷப் விடை ஃபெலினியஸைவிடக் குறைந்தால் நம்பாதீர்கள். சறுக்கு வட்டத்தை மாற்றிப் பாருங்கள். மண்ணின் உராய்வுக் கோணம் (துகள்களின் உராய்வைக் காட்டும் அளவு) 0 என்றால் இரண்டும் ஒரே விடைதான்.