பிக்சல் சாய்வு ஃபாண்ட் வாங்கப் போகிறீர்களா? எனக்கு 380 வெள்ளி போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பேனர், பண்டிங் அடிக்கும் சின்னக் கடை என்னுடையது. பழைய ஆர்கேட் மிஷின்களை வைத்துக் கடை திறக்கும் ஒருவர், பெயர்ப்பலகை 80-களின் வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கணும், ஓடுகிற மாதிரி சாய்ந்தும் இருக்கணும் என்றார். 1980-இல் வந்த பேக்-மேன் காலத்து எழுத்துகள் 8-க்கு 8 கட்டத்துக்குள் அடங்கும். அந்தப் பாணியில் இலவச ஃபாண்ட்கள் நிறைய உண்டு. நேர் எழுத்து சுலபமாகக் கிடைக்கும், சாய்வுதான் தேடணும்.

ஆன்லைன் சந்தை ஒன்றில் ஒருவர் விற்றார். 380 வெள்ளி. தயங்கினேன். "அண்ணே, கடைப் பேரச் சொல்லுங்க, எழுதியே காட்டுறேன்" என்றார். ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. மேலே போகப் போக இரண்டு வரிசைக்கு ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி, படிக்கட்டு மாதிரி. சதுரம் சதுரமாகவே இருந்தது. பிக்சல் சாய்வின் அழகே அதுதான். அங்கேதான் விழுந்தேன். ஃபைல் இறங்கியதும் திறந்துகூடப் பார்க்காமல் 'பொருள் கிடைத்தது' பட்டனை அழுத்தினேன். பணம் அவர் கைக்குப் போய்விட்டது.

இன்று மதியம் ஏ3 தாளில் அடித்துப் பார்த்தால், சதுரம் ஒவ்வொன்றும் டைமண்டாக வெட்டிய மைசூர்பாகு மாதிரி சரிந்து கிடக்கிறது. உள்ளே சாய்வு ஃபாண்டே இல்லை! இருப்பது நேர் எழுத்து மட்டும், அதை என் சாஃப்ட்வேர்தான் இழுத்துச் சாய்த்திருக்கிறது. ஃபாண்ட் தகவலைத் திறந்தேன். வேறொருவர் பெயர், ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ். அந்த லைசென்ஸில் உள்ளதை யாரும் தொழிலுக்கும் சும்மாவே பயன்படுத்தலாம், தனியாக விற்கத்தான் கூடாது. இலவசப் பொருளுக்கு 380 வெள்ளி!

விற்றவரிடம் கேட்டேன். "உங்க சாஃப்ட்வேர் பழசுண்ணே." மறுபடி கேட்டேன். "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லண்ணே." அந்தப் படத்தை எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு ஒரு கும்பிடு எமோஜி. அப்புறம் நீல டிக் மட்டும். சந்தைக்காரர்களிடம் போனால், விற்றவரிடமே பேசுங்கள் என்று ஒரே வரியை மூன்று முறை ஒட்டுகிறார்கள். பட்டனை அழுத்தியது நீங்கள்தானே என்றும் ஒரு குத்தல்.

சரி, உங்களுக்கு: படத்தை நம்பாதீர்கள், சோதனை ஃபைல் கேளுங்கள். சாய்வுக்குத் தனி ஃபைல் இருக்கிறதா, பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக நிற்கிறதா பாருங்கள். லைசென்ஸைப் படியுங்கள். பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன், நேரமில்லை.

வெள்ளிக்கிழமை பேனர் கொடுக்கணும். கடைப் பெயரில் ஒன்பது எழுத்து, ஒவ்வொரு கட்டமாக நானே தள்ளிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் மூன்றாவது.