வாசலில் ஆறு வருஷம்: செம்பருத்தியா, காகிதப்பூவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த கையோடு கேட்டுக்கு ஒரு பக்கம் செம்பருத்தியும் மறுபக்கம் காகிதப்பூவும் நட்டேன். ஆறு வருஷமாகிறது.

முதல் இரண்டு வருஷம் காகிதப்பூ என்னை நன்றாக ஏமாற்றியது. தினமும் தண்ணீர், மாதம் ஒரு பிடி யூரியா என்று பிள்ளை மாதிரி வளர்த்தேன், கொடி கூரையைத் தொட்டது, பூவைத்தான் காணோம். எங்கள் ஊர் மழைக்குத் தண்ணீர் ஊற்றியதே தப்பு, யூரியா இலையைத்தான் கொழுக்க வைக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் புரிந்தது. ஒரு கிளையை வெட்டிச் சட்டியில் ஊன்றி, நன்றாக வேர் பிடித்ததும் கார் நிற்கும் கூரையோரம், வெயில் விழும் ஆனால் மழை விழாத இடத்தில் வைத்துவிட்டு, இலை துவண்டால் மட்டும் தண்ணீர் காட்டினேன். அடுத்த தைப்பூசத்துக்கு இலையே தெரியாத அளவுக்குப் பூத்தது பாருங்கள்! உண்மையில் அந்த ரோஸ் நிறக் காகிதம் பூவே இல்லை, நிறம் மாறிய இலை. மூன்று காகிதத்துக்கு நடுவே குச்சி குச்சியாக நிற்கும் வெள்ளைக் குழல்தான் பூ. முள் ஜாக்கிரதை, என் ஜப்பான் சிலிப்பரைத் துளைத்து உள்ளே வந்திருக்கிறது.

செம்பருத்தி நேர் எதிர், தண்ணீரும் உரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டு விழுந்தாலும் மறுநாள் வேறொன்று ரெடி. 1960இல் தேசிய மலரானது சும்மா இல்லை. தொல்லை மாவுப்பூச்சிதான். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் உடனே மொட்டுக் காம்பைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக அப்பியிருக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும், விட்டுவிட்டால் மொட்டெல்லாம் மஞ்சளாகிக் கொட்டும். ஒரு முறை இடுப்பளவுக்கு வெட்டித்தான் காப்பாற்றினேன்.

ஒன்றுதான் வைக்க இடம் என்றால் நான் செம்பருத்தி பக்கம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பது காகிதப்பூவைத்தான், சரி, ஆனால் அம்மா காலையில் சாமிக்குப் பறிக்கப் போவது மறுபக்கம். நிலத்தில் இருந்த அந்தப் பழைய காகிதப்பூவைப் போன மாதம் தோண்டி எடுத்துவிட்டேன். அந்தக் குழியில் ஊன்றிய செம்பருத்திக் குச்சி இரண்டு துளிர் விட்டிருக்கிறது.