நூறு அடி: மூன்று வருடம் கோன் பெனட்ரோமீட்டரோடு

கோன் பெனட்ரோமீட்டர் என்றால் நுனியில் கூம்பு வைத்த கம்பி, மண்ணில் அழுத்தினால் மண்ணின் வலுவை மேலே டயல் காட்டும். என்னுடையதில் டயல் முள் ஒட்டிக்கொண்டதைப் போன வாரம்தான் சரிபண்ணி வாங்கி வந்தேன். பார்த்த நண்பன், "மக்கா, நானும் ஒண்ணு வாங்கட்டா?" என்றான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தது இது.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ஷீட் ஏற்ற ஜீப் ஓட்டுகிறேன். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. மேலே பப்படம் மாதிரி காய்ந்திருக்கும், நம்பி இறங்கினால் கீழே களி, ஆக்சில் வரை புதையும். அந்த 30 டிகிரி கூம்பைச் சீராக அழுத்தி, 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம் உண்டு. சரளைக்கல்லில் இடித்தால் முள் எகிறும். அதை விட்டுவிட்டு இரண்டு சாண் தள்ளிக் குத்த வேண்டும், அவ்வளவுதான்.

என் கோபம் வேறு. ஈரக் களியில் முதல் நடை போய்விடும், மூன்றாவது நடையில் வண்டி உட்கார்ந்துவிடும். சக்கரம் பிசையப் பிசைய மண் வலு இழக்கிறது, டயல் காட்டுவதோ பிசையாத மண்ணின் வலுவை. இதற்கும் அமெரிக்க ராணுவத்தின் விக்ஸ்பர்க் ஆய்வு நிலையத்தார் வழி வைத்திருக்கிறார்கள்: மண்ணை ஒரு சிறு உருளையில் எடுத்து, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலான சுத்தியலை ஓர் அடி உயரத்திலிருந்து 100 தடவை விழவிட்டு, அடிக்கு முன்னும் பின்னும் கூம்பால் அளந்து, பின்னதை முன்னதால் வகுக்க வேண்டும். விகிதம் 0.5 என்றால் தரையில் 80 காட்டிய மண் உண்மையில் 40 தான். அதை வண்டியின் எண்ணோடு, அதாவது அந்த வண்டி புதையாமல் போக மண்ணுக்குக் குறைந்தது எவ்வளவு வலு வேண்டும் என்பதோடு, ஒப்பிட வேண்டும். ஒரு நடைக்கு ஓர் எண், 50 நடைக்கு ஓர் எண். என் பழைய ஜீப்புக்கு அதை யார் எழுதி வைத்தார்கள்? எடை, டயர் அகலம் எல்லாம் போட்டு நானேதான் கணக்குப் பார்த்தேன். அந்த உருளையும் சுத்தியலும் தனியாக வாங்கியது, அது ஒரு எரிச்சல்.

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலுக்கு இந்த இடிப்பெல்லாம் வேண்டாம், டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு போய்விடுவேன்.

பொய் சொல்லக்கூடாது, டிராக்டர் வைத்து இழுக்கிற கூலி எத்தனையோ தடவை மிச்சமாகியிருக்கிறது. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால், வாங்காதே மக்கா. நேற்று மழை விட்டதும் உட்கார்ந்து 73 வரை எண்ணிவிட்டேன், பால் வெட்டும் அண்ணாச்சி வந்து, "என்ன தம்பி, கசாயத்துக்கு மருந்தா இடிக்கிய?" என்றார். எண்ணிக்கை போச்சு. மறுபடியும் புது மண், ஒன்றிலிருந்து.