ஈசிஆரில் பெரிய வீடு: பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்து, இப்போது விற்கிறேன்

"கடல் நடந்துபோகும் தூரம், 2 கிரவுண்ட் (4,800 சதுர அடி) மனை, 4 படுக்கையறை, இரட்டை உயரக் கூடம், மாடுலர் கிச்சன், ஹோம் தியேட்டர்." புரோக்கர் எழுதித் தந்த விளம்பரம் இப்படித்தான் இருக்கிறது. பொய் எதுவும் இல்லை. ஆனால் சென்னை இஞ்சம்பாக்கத்தில், ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே, 2013 முதல் இந்த வீட்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்குபவர் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலில் இல்லை. இங்கே காசு பெறுவது மண்ணும் தண்ணீரும்தான். மற்றதையெல்லாம் உப்புக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

உப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏசியின் வெளி யூனிட் நகருக்குள் எத்தனை வருடம் ஓடுமோ, இங்கே அதில் பாதி ஓடினாலே பெரிது. அதன் குழாய்ச்சுருளைச் சுற்றியிருக்கும் அலுமினியத் தகடுகள் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் ஆயுள் கொஞ்சம் நீளும். மாடிப்படிக் கைப்பிடிக்கு 304 தர ஸ்டீல் போட்டிருந்தார்கள்; அதில் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளி வந்துகொண்டே இருந்தது. 316 தரம் விலை கூடுதல், ஆனால் கடலோரத்துக்கு அதுதான் சரி. ஜன்னல்களை யுபிவிசி பிளாஸ்டிக்குக்கு மாற்றிய பிறகு நிம்மதி. கீல், உருளை, தாழ்ப்பாள் இவற்றைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டும்.

இதெல்லாம் மாற்றக்கூடிய பொருள். கவலைப்பட வேண்டியது பால்கனி விளிம்பும் சன்ஷேடும். காங்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதியது மேல்பூச்சைப் பிளந்து தள்ளும். பார்க்க வருபவர்கள் இத்தாலிய மார்பிளைத் தடவிப் பார்க்கிறார்களே தவிர, ஒருவர்கூடத் தலையைத் தூக்கி சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. புதுப் பெயின்ட் அடித்த வீடு என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் கொத்தி எடுத்துச் சரிசெய்திருக்கிறோம். எங்கே என்று காட்டுகிறேன்.

அடுத்து தண்ணீர். இந்த வீட்டின் சொத்து கூடத்துச் சரவிளக்கு அல்ல, பின்பக்கம் இருக்கும் உறைகிணறு. இந்தப் பக்கம் பூமிக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்லது லேசு, உப்பு கனம். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயம் தெரியும்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு அந்த 40 அடியும் ஏறி வரும். ஆழமாக போர்வெல் போட்டு பெரிய மோட்டாரால் இழுத்த வீடுகளில் குழாயைத் திறந்தால் உப்புக் கரித்தது இதனால்தான். நாங்கள் ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டார், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று இறைத்தோம். மொட்டை மாடி மழைநீர் மொத்தமும் கிணற்றைச் சுற்றியே மண்ணுக்குள் இறங்கும்படி செய்தோம். 2019 கோடையில் சென்னை முழுக்க லாரிக்குக் காத்துக் கிடந்தபோதும் எங்கள் கிணறு வற்றவில்லை. குடிக்க மட்டும் கேன் தண்ணீர். தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். அது கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை எந்த வீட்டிலும் கேளுங்கள்.

வெள்ள பயம் எங்களுக்கு இருந்ததில்லை. 2015 டிசம்பரில் தெருவில் நின்ற தண்ணீரை மணல் சீக்கிரமே குடித்துவிட்டது. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் போனால் கதை வேறு: பள்ளிக்கரணைச் சதுப்பின் உபரி ஒக்கியம் மடுவு வழியாக அந்தக் கால்வாய்க்குத்தான் வந்து, கோவளம் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விலை சொன்னால் நம்பாதீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரங்கள் விழுந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோம்.

வீட்டுக்குள்? இரட்டை உயரக் கூடம் விருந்தாளிகளுக்குப் பிடிக்கும். அதைக் குளிர்விக்கும் மின்கட்டணம் நமக்கு. ஹோம் தியேட்டரில் இப்போது பழைய சூட்கேஸ்கள் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஒரு படுக்கையறை இருப்பதுதான் உண்மையான வசதி. என் பெற்றோர் கடைசிவரை மாடி ஏறாமலே இருந்தார்கள். கிழக்குப் பார்த்த அறைகளில் கோடை மதியம் கடல்காற்று இறங்கிவிட்டால் மின்விசிறி போதும். ஞாயிறு காலை மீனவர் குப்பத்தில் கரைக்கு வந்த மீனை வாங்கிக்கொண்டு நடந்தே வரலாம். வேறு எங்கு குடிபோனாலும் இது கிடைக்காது என்று என் மனைவி இப்போதே புலம்புகிறாள்.

போக்குவரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு மாலைகளில் மாமல்லபுரம் போய்த் திரும்பும் கார்கள் சாலையை அடைத்துவிடும். மெட்ரோ வருவது மேற்கே இருக்கும் ஓஎம்ஆரில், அதாவது பழைய மாமல்லபுரம் சாலையில். அங்கே போகக் கால்வாயைக் கடக்க வேண்டும்.

சரி, காகித வேலை. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு. அதனால் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அங்கீகரித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை ஒப்பிடுங்கள். பின்னால் சேர்த்த மாடி அறைகள் இந்தப் பக்கம் சாதாரணம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கோடிகளில் போகும் வீட்டுக்கு இதுவே பெருந்தொகை. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம். ஈசிஆரில் அப்படிப்பட்ட உரிமையாளர்கள் நிறைய, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் இருவரும் வெளியூரில். எங்கள் இருவருக்கு இவ்வளவு பெரிய வீடு வேண்டாம், அதனால்தான் விற்கிறோம். பார்க்க வருபவர்கள் மாலைக் காற்றில் மயங்காமல் பகல் வெளிச்சத்தில் வாருங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். மாடி ஏசிகளின் வெளி யூனிட்டுகளை மாற்றும் காலம் வந்துவிட்டது. அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்டால் கழிப்பேன். கேட்காதவருக்கு நானாகச் சொல்லக் கூடாது என்கிறார் புரோக்கர்.