விழுந்த மரம் எடுக்க வருகிறவரிடம் டேப்பைக் கொடுக்காதீர்கள்

அடைமழைக் காலம் நெருங்குகிறது. புயல் அடித்த மறுநாளே தோப்பு வாசலில் பைக்கை நிறுத்தும் மர புரோக்கர்களைப் பற்றி எங்கள் பேராவூரணிப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பே படுத்துக் கிடந்தது. அரசு அப்போது தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 இழப்பீடு, 500 மரத்தை வெட்டி அப்புறப்படுத்த. அந்த 500-ஐக் குறிவைத்துத்தான் ஒரு மர புரோக்கர் வந்தார். "அண்ணே, அந்த ஐநூறை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. மரத்த நானே எடுத்துக்கிறேன், தோப்ப மைதானமாக்கித் தர்றேன்" என்றார். கரண்ட் இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

வேலை என்னவோ மளமளவென்றுதான் நடந்தது. வயதான மரங்களில் வைரம் ஏறிய அடித்துண்டுகளை மட்டும் அறுத்து லாரியில் ஏற்றினார்கள். வாரைக்கும் சட்டத்துக்கும் ஆவது அதுதான். கொண்டை, மட்டை, இளமரங்கள், தூர் எல்லாம் அப்படியே கிடந்தன. வழியை மறித்த மரங்களை பொக்லைன் வைத்து வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டார்கள், அதில் தண்ணீர்க் குழாயும் நொறுங்கியது. அடுத்த வாரம் போன் சுவிட்ச் ஆஃப்.

பணத்தைவிடப் பெரிய கேடு அந்த மிச்சம்தான். மட்கும் தென்னைத் துண்டிலும் தூரிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதன் புழு அங்கேயே தின்று வளரும். வண்டாகி வெளியே வந்ததும் நேராகப் புதிதாக நட்ட கன்றின் குருத்துக்குள் துளைத்துப் போகும். மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தால் வேலை அதனுடையது. மறுபடி நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் எனக்கு அப்படித்தான் போயின. தூரைப் பெயர்க்க பொக்லைன் வாடகையை நானே கொடுத்தேன், துண்டுகளைப் பிளந்து காயவைத்துக் கொளுத்தியதும் என் செலவில்தான்.

விழுந்த வரப்போரத் தேக்கை அதே ஆள் கன அடிக் கணக்கில் விலை பேசினார், அதில் நடந்தது இன்னும் நுணுக்கமான திருட்டு. மரத்தை அளக்கும் கணக்கு எளிது: துண்டின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுக்க வேண்டும். வந்ததை அதாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. நடுச்சுற்று 48 அங்குலம், நீளம் 12 அடி என்றால் 12 கன அடி வரும். அந்த ஆள் டேப்பைப் பிடித்தது நுனிப்பக்கம், அங்கே 40 அங்குலம். அதிலும் "பட்டைக்கு ரெண்டு இஞ்ச் கழிக்கணும்ணே" என்று 38 ஆக்கினார். இப்போது போட்டுப் பாருங்கள், ஏழரை கன அடிதான். மரம் அதே மரம்!

மரவாடியில் வேலை பார்த்த என் மச்சான் பிறகு சொன்ன விஷயம் இது: இந்த நாலால் வகுக்கும் கணக்கிலேயே உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குபவருக்குச் சாதகமாகக் கழிந்துவிடுகிறது. பட்டை, அறுப்புச் சேதாரம் எல்லாம் அதற்குள் அடக்கம். பிறகு தனியாகப் பட்டை கழிப்பது எந்த ஊர் நியாயம்?

காவல் நிலையத்துக்கும் போனேன். பேசியதற்கு எழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். ஊரே இருட்டில் கிடந்தபோது யார் எழுதினார்கள்?

ஆகவே டேப் உங்கள் கையில் இருக்கட்டும், நடுச்சுற்றை நீங்களே அளந்து துண்டின் மேல் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். விஏஓ வந்து எண்ணிப் படம் எடுக்கும்வரை ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது. "அகற்றுவது" என்று பேசினால் தூரும் கொண்டையும் சேர்த்துத்தானா என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் கேட்டால் டீசலுக்கு மட்டும் கொடுங்கள். ஒரு வரிசை தூரோடு வெளியேறிய பிறகு அந்த வரிசைக்குப் பணம், அப்புறம் அடுத்த வரிசை. இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளாக இருந்தால் பைக்கை அப்படியே திருப்பிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.