செமி சிந்தெடிக்கா, மினரலா? கோத்தகிரியில் ஒரே வாசலில் இரண்டு பதில்

எங்கள் வீட்டு வாசலில் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பைக் இரண்டு நிற்கின்றன. இரண்டும் 100 சிசி, கார்புரேட்டர் வண்டிகள். ஒன்று என்னுடையது, மற்றது மச்சினனுடையது. என் வண்டி இன்ஜினில் ஊற்றுவது மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அவன் வண்டியில் செமி சிந்தெடிக், மினரலோடு ஆலையில் பக்குவப்படுத்திய சிந்தெடிக் எண்ணெயும் கலந்தது. இரண்டையும் வாங்கி வருவது நான்தான். ஒரே வண்டிக்கு எதற்கு இரண்டு ஆயில் என்று கடைக்காரரே ஒருமுறை கேட்டுவிட்டார்.

முதலில் குளிர். மலையில் இருப்பவன் செமிதான் போட வேண்டும், குளிரில் மினரல் உறைந்துவிடும் என்று கீழே இருந்து வருகிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துவிடும், தலைகுந்தாவில் சில நாள் பூஜ்ஜியத்தையும் தொடும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேனில் 20டபிள்யூ-50 மாதிரி ஒரு எண் இருக்கும், அதுதான் கிரேடு. முன்பாதி குளிரில், பின்பாதி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும். 20டபிள்யூ என்று போட வேண்டுமானால் அந்த ஆயில் மைனஸ் 15 டிகிரியில் இன்ஜினைச் சுற்ற விடுகிறதா என்ற சோதனையில் தேற வேண்டும். 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரி. நம் ஊர்க் குளிர் அந்தப் பக்கமே போவதில்லை.

அதற்காகக் குளிரில் வித்தியாசமே தெரியாது என்று நினைக்க வேண்டாம். கெட்டியான ஆயில் போட்டால் இன்ஜின் சத்தமில்லாமல் ஓடும் என்று ஒரு மெக்கானிக் சொன்னதைக் கேட்டு, ஒரு வருஷம் 20டபிள்யூ-50 ஊற்றினேன். ஜனவரிக் காலையில் கிக்கரை மிதித்தால் சேற்றில் காலை விட்ட மாதிரி இருக்கும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டால் ‘டக்’கென்று வண்டி ஒரு அடி முன்னால் எகிறும். ராத்திரி முழுக்கக் கெட்டி ஆயிலில் ஊறிய கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். கையேட்டில் சொன்னபடி 10டபிள்யூ-30க்குத் திரும்பியதும் சரியாகிவிட்டது. அதுவும் மினரல் ஆயில்தான். காலைக் குளிரில் வண்டி கிளம்புவதற்கு முக்கியம் கேனில் இருக்கும் எண். மினரலா செமியா என்பது வேறு கேள்வி, அதை நாம் எப்போதும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம்.

அந்த வேறு கேள்விக்கு விடை மச்சினன் போகும் ரோட்டில் இருக்கிறது. தினமும் அரவேனு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு மேலே வருகிறான். ஒரு வழி 33 கிலோமீட்டர். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். பின்னால் அரிசிச் சிப்பத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு ஏற வேண்டும். வண்டி ஏர் கூல்டு, காற்றுப் பட்டால்தான் இன்ஜின் ஆறும். இந்த ஏற்றத்தில் வேகம் 20, 25ஐத் தாண்டுவதில்லை, காற்றுக்கு எங்கே போவது? குஞ்சப்பனை செக்போஸ்டில் நிறுத்தும்போது சிலிண்டர் பக்கம் காலைக் கொண்டுபோக முடியாது.

அந்தச் சூட்டில்தான் ஆயிலின் தரம் தெரியும். சூடானால் எந்த ஆயிலும் நீர்த்துப்போகும். ரொம்ப நீர்த்துவிடாமல் இருக்கப் பாலிமர் கலக்கிறார்கள். காரைப் போல் இல்லாமல் நம் பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி அந்தப் பாலிமர் துண்டுதுண்டாகிவிடும், 40 என்று ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 மாதிரி நடந்துகொள்ளும். சிந்தெடிக் அடிப்படை எண்ணெய் இயல்பிலேயே சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் நீர்ப்பதில்லை, அதனால் பாலிமர் குறைவாகப் போதும். சூட்டில் கருகிப் பிசினாவதும் குறைவு. செமியில் இந்த எண்ணெய் எத்தனை பங்கு என்பதைப் பெரும்பாலான கேன்களில் போடுவதில்லை, அது எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் மச்சினன் வண்டியில் வித்தியாசம் கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்தது. மினரலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் போனால் கியர் மாற்றும்போது கடகடவென்றிருக்கும். செமியில் 4,000 வரை அந்தச் சத்தம் வரவில்லை.

என் கதை நேர் எதிர். வீட்டிலிருந்து டீ ஃபேக்டரிக்கு மூன்று கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் ஃபேக்டரி வந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. இன்ஜின் நன்றாகச் சூடாகாவிட்டால் அதில் கொஞ்சம் உள்ளேயே குளிர்ந்து ஆயிலில் கலக்கும். மழைக்காலத்தில் டிப்ஸ்டிக்கைத் திருகி எடுத்தால் மூடியின் அடியில் மோரும் வெண்ணெயும் கலந்த மாதிரி வெள்ளையாக அப்பியிருக்கும். போதாக்குறைக்கு இந்த உயரத்தில் காற்று மெலிவு, கார்புரேட்டர் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகவே குடிக்கும். எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனாலே வாடை அடிக்கும்.

இதற்குச் செமி போட்டு என்ன பயன்? எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலானாலும் உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியே அனுப்பாது. என் மாதிரிக் குட்டி ஓட்டத்துக்கு வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் வழி. மீட்டரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அப்போது 900 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும்.

காசுக் கணக்கும் இதே பக்கம் சாய்கிறது. தோராயமாக மினரல் லிட்டர் 400, செமி 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மச்சினன் 10,000 கிலோமீட்டர் ஓட, 2,000க்கு ஒன்று வீதம் ஐந்து மினரல் கேன், 2,000 ரூபாய். 4,000க்கு ஒன்று என்றால் செமி இரண்டரை கேன், 1,375 ரூபாய். எனக்கு எதை ஊற்றினாலும் வருஷத்துக்கு இரண்டு கேன். செமி என்றால் 300 ரூபாய் தண்டம்.

இரண்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. கேனின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்காது என்பதற்கான ஜப்பானியத் தரக் குறி அது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் எம்பி. வீட்டில் மிச்சமிருந்த கார் ஆயிலை, அதுவும் ஃபுல் சிந்தெடிக்காயிற்றே என்று ஆசைப்பட்டு என் வண்டியில் ஊற்றினேன். அடுத்த வாரம் குஞ்சப்பனை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் அலறியது, வண்டி மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்தது. எரிபொருளைச் சேமிக்கக் கார் ஆயிலில் போடும் வழவழப்பு மருந்து கிளட்ச் பிளேட்டிலும் வேலையைக் காட்டிவிட்டது. ஆயிலை மாற்றியும் முழுதாகச் சரியாகவில்லை, பிளேட் செட்டையே மாற்றினேன்.

செமி ஓடும் வண்டியில் வழியில் ஆயில் குறைந்தால் மினரல் ஊற்றலாமா என்று மச்சினன் போன வாரம் அரவேனுவிலிருந்து போன் செய்தான். “தாராளமா ஊத்து. ஜாசோவும் கிரேடும் அதேதானான்னு மட்டும் பாத்துக்கோ” என்றேன். “இங்க 20-50 தான் மச்சான் இருக்குது” என்றான். டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொன்னேன். கீழ்க் கோட்டுக்கு மேலே இருந்தது. அப்படியே வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிவிட்டேன்.